டவர் எப்போது தூங்கும்?

சென்ற இதழில் 5ஜி பற்றி எழுதும்போது, "ஒரு ஜிபி டேட்டாவை அனுப்ப 4ஜியைவிட 5ஜிக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் என்னைச் செல்போன் நிறுவனங்களின் ஆள் என்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிய வாசகர்களுக்கு ஒரு சொல்: ஓய்வு பெறும்வரை டவர்களின் மின்சாரப் பக்கத்தைக் கவனித்தவன் நான். ஆண்டெனாவும் அலைக்கற்றையும் மேலே ஏறுகிறவர்களின் துறை. கீழே இருக்கும் மீட்டர், பேட்டரி, ஜெனரேட்டர் ஆகியவை எங்கள் பொறுப்பு. 'டீசல் கோஷ்டி' என்றுதான் எங்களை அழைப்பார்கள். ஆகவே எதையும் யூனிட்டில் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

கேள்வி: 5ஜியில் 90 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று படித்தேன். அப்படியானால் செல்போன் நிறுவனங்களின் மின்கட்டணம் பத்தில் ஒரு பங்காக இறங்கியிருக்க வேண்டாமா? ரீசார்ஜ் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே?
— வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: கணக்குத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. அந்த 90 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். 2020 டிசம்பரில் நோக்கியாவும் ஸ்பெயினின் டெலிஃபோனிகாவும் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டன. டெலிஃபோனிகாவின் நெட்வொர்க்கில் மூன்று மாத காலம், பதினொரு விதமான சுமை நிலைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு டேட்டாவுக்கு, பழைய 4ஜியைவிட 5ஜி 90 சதவீதம் வரை கூடுதல் சிக்கனமானது என்று அறிவித்தார்கள். 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். கருவியை விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எழுதிய சான்றிதழ் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்காகப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. காரணங்கள் உண்மையானவை.

4ஜியில் ஒரு அலைவரிசைப் பட்டையின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோவும் ஏர்டெலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நாடு முழுவதற்கும் வாங்கியது 100 மெகாஹெர்ட்ஸ். ஐந்து மடங்கு அகலம். இது போக, புதிய ஆண்டெனாப் பெட்டி ஒன்றுக்குள் 64 தனித்தனி அனுப்பிகள்கூட இருக்கும். பழைய ஆண்டெனா தன் திசையில் இருக்கும் வயல், வாய்க்கால், கோயில் கோபுரம் எல்லாவற்றின்மேலும் ஒரே சீராகச் சக்தியைத் தெளித்துக்கொண்டிருந்தது. புதியது, கேட்கிற போன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கற்றையைத் திருப்புகிறது. வீணாவது குறைகிறது, ஒரே நேரத்தில் பல பேருக்கு அனுப்பவும் முடிகிறது. போக்குவரத்து நிரம்பி வழியும் நேரத்தில் ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு சரிவது இதனால்தான்.

ஆனால் அந்த 64 அனுப்பிப் பெட்டி முழு வேலையில் இருக்கும்போது ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கக்கூடியது. ஒரு டவரில் மூன்று திசைக்கு மூன்று பெட்டி. இவற்றைப் பொருத்தியபோது ஏற்கெனவே இருந்த 4ஜி, 2ஜி பெட்டிகளை யாரும் கழற்றவில்லை. பக்கத்தில்தான் மாட்டினார்கள். மீட்டர் எப்படி இறங்கும்? நிறுவனம் ஜிபி கணக்கில் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மின்வாரியம் யூனிட் கணக்கில்தான் பில் போடுகிறது.

ரீசார்ஜ் விலைக்கு ஏலத்தில் கொட்டிய பணம், கடன், போட்டியாளர்கள் குறைந்தது என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. அந்தக் கோபத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கேள்வி: டேட்டா எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு மின்சாரமும் கூடும் என்று வகுப்பில் சொன்னார்கள். இன்றைய வேகத்தில் போனால் நாட்டின் மின்சாரம் முழுவதையும் செல்போன் குடித்துவிடாதா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: குடிக்காது அம்மா. நடந்ததையே பாருங்கள். இந்தியாவில் 2014-இல் செல்போன் வழியாகப் போன டேட்டா 82.8 கோடி ஜிபி என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். 2018-இல் அது 4,640 கோடி ஜிபி. இடையில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒரு ஜிபியின் சராசரி விலை 269 ரூபாயிலிருந்து 11.78 ரூபாய்க்கு இறங்கியது. நான்கே ஆண்டில் 56 மடங்கு! அந்த நான்கு ஆண்டுகளும் நான் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். டவர்களின் மின்சாரச் செலவு 56 மடங்காகியிருந்தால், தமிழ்நாட்டில் ஒரு டிரான்ஸ்பார்மரும் மிஞ்சியிருக்காது.

ஏன் கூடவில்லை? நீங்கள் பொறியியல் மாணவி என்றால் இந்தக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 2010 முதல் 2012 வரை 'எர்த்' என்ற கூட்டு ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. 4ஜி நிலையம் மின்சாரத்தை எப்படிச் செலவிடுகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்று திசை, திசைக்கு இரண்டு அனுப்பி, ஒவ்வொன்றும் 20 வாட் என்று வைத்தால், முழுச் சுமையில் அந்த நிலையம் இழுப்பது ஏறத்தாழ 1,344 வாட். ஒரு போன்கூட எதையும் கேட்காதபோது 780 வாட்!

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவில் ஏறத்தாழ 58 சதவீதம் யாருக்கும் எதையும் அனுப்பாமலேயே போய்விடுகிறது. எப்போதோ வரப்போகிற ஒரு தோசைக்காக இரவு முழுவதும் அடுப்பை அணைக்காமல் வைத்திருக்கும் ஓட்டல் கதைதான். டேட்டா 56 மடங்கு கூடும்போது தோசைகள் கூடுகின்றன. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. செலவு எப்போது எகிறும் என்றால், ஒரு அடுப்பு போதாமல் இரண்டாவது, மூன்றாவது அடுப்பை வைக்கும்போது. அதாவது புதிய டவர், புதிய பட்டை, புதிய பெட்டி.

இன்னொன்றும் அந்த எண்களில் இருக்கிறது. 1,344 வாட் உள்ளே போகிறது. காற்றில் அலையாகப் பறப்பது 120 வாட்தான். மற்றதெல்லாம் சூடு. அதில் பெரும்பங்கு அலையின் சக்தியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில். டவருக்குக் கீழே நின்றால் உடம்பு வெந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள், வெந்துகொண்டிருப்பது மேலே இருக்கும் பெட்டிதான் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

நாட்டளவில் பயம் வேண்டாம் என்பதற்கு ஒரு அளவுகோல்: சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் 2022-இல் உலகின் தகவல் கடத்தும் நெட்வொர்க்குகள் எல்லாம், கம்பிவழி, கம்பியில்லாவழி இரண்டும் சேர்ந்து, செலவிட்டது 26,000 கோடி முதல் 36,000 கோடி யூனிட் வரை. உலக மின்சாரத்தில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம். சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் குடித்துவிடும் தொகையும் இல்லை.

கேள்வி: இரவு இரண்டு மணிக்கு எங்கள் ஊரில் நாய்கள் மட்டும்தான் விழித்திருக்கும். அந்த நேரத்தில் டவரை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் என்ன?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவாரூர் மாவட்டம்

பதில்: அந்த நாய்கள் எதற்காவது குரைத்தால் நீங்கள் போலீசுக்கோ 108-க்கோ போன் செய்ய வேண்டாமா, ஐயா? அதனால் முழுவதும் அணைக்க முடியாது. ஆனால் நீங்கள் கேட்பதைத்தான் உலகம் முழுவதும் செய்யப் பார்க்கிறார்கள். 2020 ஆகஸ்டில் சீனாவின் லுவோயாங் நகரில் சைனா யூனிகாம் தன் 5ஜி ஆண்டெனாப் பெட்டிகளை இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை ஆழ்ந்த உறக்க நிலையில் வைக்கிறது என்ற செய்தி வந்தது. காரணம் மின்கட்டணம். 5ஜி ஒரு ஜிபிக்கு எவ்வளவு சிக்கனம் என்று மேடையில் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டில் நடந்தது இது. எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது. ஒரு தொழிலின் உண்மையான நிலையை அதன் கட்டண ரசீதுகள்தான் சொல்லும்.

பொதுவாக நடப்பது இதுதான். ஒரு டவரில் பல பட்டைகள் வேலை செய்கின்றன. தாழ்ந்த பட்டை, அதாவது 850 அல்லது 900 மெகாஹெர்ட்ஸ், வெகுதூரம் போகும், சுவரைத் துளைக்கும். 1800, 2300 போன்ற உயர்ந்த பட்டைகள் கூட்டத்தைச் சமாளிக்க. நள்ளிரவில் கூட்டம் கலைந்ததும் உயர்ந்த பட்டைகளை ஒவ்வொன்றாக உறங்கவைத்து, தாழ்ந்த பட்டையை மட்டும் காவலுக்கு விடலாம். நீங்கள் எழுந்து போனைத் தொடும்போது உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

இதைவிடச் சுவையான உறக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் போன் செய்யாவிட்டாலும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று டவர் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் போனுக்கு டவர் எது என்று தெரியாது. 4ஜியை வடிவமைத்தவர்கள் இந்த அறிவிப்பை ஒரு மில்லிநொடிக்கு நான்கு முறை வைத்துவிட்டார்கள். நொடிக்கு நாலாயிரம் முறை! ஊரே தூங்கினாலும் இதே கதை. ஆம்ப்ளிஃபையர் கண் மூடக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிநொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் என்ன தூங்குவது?

2018-இல் முடிவான 5ஜி விதிமுறை இந்தப் பழக்கத்தை வெட்டி எறிந்தது. போன் புதிதாக டவரைத் தேடும்போது, அறிவிப்பு 20 மில்லிநொடிக்கு ஒரு தரம் வரும் என்று எதிர்பார்த்தால் போதும். வேண்டுமானால் நிறுவனம் அதை 160 மில்லிநொடி வரைகூடத் தள்ளி வைக்கலாம். இடையில் கிடைக்கும் பத்துப் பதினைந்து மில்லிநொடியில் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, மற்ற மின்சுற்றுகளையும் படிப்படியாக அணைத்து, மறுபடி எழுப்பிவிட முடிகிறது. 2024-இல் வந்த அடுத்த கட்ட விதிமுறை இன்னும் ஒரு படி போகிறது: டவரும் போனும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் உறங்கலாம்.

என்னைக் கேட்டால் 5ஜியின் பெரிய சாதனை அதன் வேகம் அன்று. தூங்கத் தெரிந்த முதல் தலைமுறை அது. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். "எங்கள் நெட்வொர்க் நன்றாகத் தூங்கும்" என்றால் யார் சிம் வாங்குவார்கள்?

கேள்வி: அரை மணி நேரம் நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பது காரில் ஆறு கிலோமீட்டர் போவதற்குச் சமமான கரியமிலவாயுவை வெளியேற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதிலிருந்து என் மகள் என்னைச் சீரியல் பார்க்க விடுவதில்லை. உண்மையா?
— இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அந்தக் கணக்கு 2019-இல் பிரான்சின் 'ஷிஃப்ட் புராஜெக்ட்' என்ற அமைப்பின் ஆய்வையொட்டி ஊடகங்களில் பரவியது. அரை மணி நேரத்துக்கு 1.6 கிலோ கரியமிலவாயு என்றார்கள். 2020-இல் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தது. அது கடைசியாகச் சொன்ன எண், உலகச் சராசரியில் ஒரு மணி நேரத்துக்கு 36 கிராம். ஏறத்தாழ தொண்ணூறில் ஒரு பங்கு. முதல் கணக்கில் பிட்டும் பைட்டும் இடம் மாறியிருந்தது. எட்டு மடங்குப் பிழை அதிலேயே வந்துவிட்டது. ஷிஃப்ட் புராஜெக்டும் அதைப் பின்னர் ஒப்புக்கொண்டது. திருத்தம் மட்டும் வாட்ஸ்அப்பில் வராது. அது அதன் குணம்.

நம் நாட்டில் நிலக்கரி மின்சாரம் அதிகம் என்பதால் 36 கிராமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அப்போதும் அதில் பெரும்பங்கு உங்கள் டிவித் திரைக்குத்தான். டவருக்கோ கம்பிக்கோ இல்லை.

இப்போது கும்பகோணத்துக்காரரின் 90 சதவீதத்தையும் உங்கள் ஆறு கிலோமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று பெருமை, ஒன்று பயம். இரண்டும் ஒரே வகுத்தல் கணக்கிலிருந்து வந்தவை. நெட்வொர்க்கின் மொத்த மின்சாரத்தை எடுத்து, அதில் போன ஜிபியால் வகுத்து, 'ஒரு ஜிபிக்கு இவ்வளவு' என்று ஒரு எண் எடுக்கிறார்கள். ஜிபி கூடினால் எண் தானாகவே சின்னதாகிவிடும். மீட்டர் ஒரு யூனிட்டும் குறையாமலே. அதே எண்ணைத் தலைகீழாகப் பிடித்து, 'நீ இரண்டு ஜிபி பார்த்தாய், ஆகவே இவ்வளவு மின்சாரம் உன்னால்' என்று பயமுறுத்தவும் செய்யலாம். நீங்கள் சீரியலை நிறுத்தினாலும் அந்த 780 வாட் எரிந்துகொண்டுதான் இருக்கும். யாராவது ஜிபி கணக்கைக் காட்டினால், மீட்டர் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். வேலையில் இருந்தபோது கூட்டங்களில் நான் கேட்ட கேள்வி அது. அதனால்தான் கூட்டங்களுக்கு என்னை அடிக்கடி அழைக்க மாட்டார்கள்.

வீட்டு வைஃபையில் பார்ப்பது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருந்தால் அதிலேயே பாருங்கள். டவரில் இடம் மிஞ்சும். ரூட்டர் பத்து வாட் என்றால், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாதம் ஏழு யூனிட்.

கேள்வி: முன்பெல்லாம் கரண்ட் போனால் பாதி நாள் சிக்னல் இருக்கும். இப்போது இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறது. 5ஜிதானே காரணம்?
— மீன்பிடிப் படகு உரிமையாளர், வேதாரண்யம் அருகே

பதில்: பாதிக் காரணம் அது. டவரின் இதயம் 48 வோல்ட் நேர்மின்சாரம். மின்வாரியத்தின் கரண்டை ரெக்டிஃபையர் மாற்றிக் கொடுக்கிறது. கரண்ட் போனால் பேட்டரி எடுத்துக்கொள்கிறது. 300 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுதி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 48-ஐ 300-ஆல் பெருக்கினால் 14,400 வாட்-மணி, அதாவது 14.4 யூனிட். டவர் 2 கிலோவாட் இழுத்தபோது கணக்குப்படி ஏழு மணி நேரம். புதிய பெட்டிகளை மாட்டி 4 கிலோவாட் ஆனபோது மூன்றரை. பேட்டரியை அடிமட்டம் வரை இறக்க முடியாது, வயதும் ஆகியிருக்கும். உங்கள் இரண்டு மூன்று மணி நேரம் சரியாக வருகிறதா?

இதற்கு மாற்று உண்டு. கரண்ட் போனவுடன் 5ஜியை முதலில் அணைத்து, பிறகு 4ஜியின் உயர்ந்த பட்டைகளை அணைத்து, பேச மட்டும் ஒரு பட்டையை விட்டுவைப்பது. மென்பொருளில் ஒரு அமைப்புதான். செய்கிறவர்கள் செய்கிறார்கள். செய்யாதவர்களின் டவர்தான் உங்கள் ஊரில் இருக்கிறது போலும்.

2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கம்தான் கரை ஏறியது. அதன் பிறகு டவர்களை எழுப்ப வந்தவர்களில் நானும் ஒருவன். மின்கம்பங்கள் வயலில் கிடந்தன. எப்போது நிமிரும் என்று யாருக்கும் தெரியாது. டீசல் கேன்களைத் தலையில் சுமந்து, விழுந்த தென்னைகளைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் சிக்னலுக்காக வந்தவர்களைவிட, போனை சார்ஜ் செய்ய வயரோடு வந்தவர்கள் அதிகம். அந்த வாரம் எங்களில் எவரும் ஒரு ஜிபிக்கு எத்தனை வாட் என்று யோசிக்கவில்லை. ஒரு லிட்டருக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு.

கேள்வி: டவர் ஜெனரேட்டர்கள் குடிக்கும் டீசலைப் பற்றி எழுதுங்களேன். அது பெரிய ஊழல் என்று கேள்விப்பட்டேன்.
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: என் அனுபவத்தை எழுதுகிறேன், பெயர்கள் இல்லாமல். 2011-இல் டிராய் வெளியிட்ட பசுமைத் தொலைத்தொடர்புப் பரிந்துரையில் ஒரு கணக்கு இருந்தது: நாட்டில் 3.1 லட்சம் டவர்கள். அவற்றின் மின்தேவையில் 60 சதவீதம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து. ஆண்டுக்கு 200 கோடி லிட்டர் டீசல். ஒரு ஜெனரேட்டர் மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் என்றும் அதில் இருந்தது.

அந்த இரண்டு லிட்டரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டவரின் கருவிகளுக்கு இரண்டு மூன்று கிலோவாட் போதும். ஆனால் 10 முதல் 15 கேவிஏ ஜெனரேட்டரை வைத்திருந்தார்கள். எதற்கு? ஏசிக்கு. அக்காலத்தில் கருவிகள் ஒரு தகர அறைக்குள் இருந்தன. அறைக்கு இரண்டு ஏசி. ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். அந்த ஒரு நொடிக்காகப் பெரிய இஞ்சினை வாங்கி, மற்ற நேரமெல்லாம் அரைச்சுமைக்கும் கீழே ஓட்டினோம். ஏசி கருவிக்குக்கூட அவ்வளவாகத் தேவையில்லை, பேட்டரிக்குத்தான். ஈய அமிலப் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதி ஆயுளை இழக்கும். பிற்பாடு கருவிகள் வெயிலைத் தாங்கும் வெளிப்புறப் பெட்டிகளுக்கு மாறின. பேட்டரி லித்தியத்துக்கு மாறியது. தகர அறையும் ஏசியும் போயின. இந்திய டவர்களில் உண்மையாக மிச்சமான மின்சாரத்தில் பெரிய பகுதி இப்படி வந்தது என்பேன். 'ஜி'க்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊழலுக்கு வருகிறேன். ஜெனரேட்டரின் முகப்பில் சிறிய மணிமீட்டர் ஒன்று இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று ரேஷன் கடைத் தராசின் எண்போல மெதுவாக நகரும். பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒரு பதிவுப் புத்தகம். அதில் காவலாளியோ டீசல் ஊற்ற வருகிறவரோ, கரண்ட் போன நேரம், வந்த நேரம், ஊற்றிய லிட்டர் என்று எழுதி வைப்பார்கள். ஆறு மணி நேரம் ஓடியதாகப் புத்தகம் சொல்லும். மணிமீட்டர் நான்கைத் தாண்டியிருக்காது. பன்னிரண்டு லிட்டருக்குக் கணக்கு, எட்டு லிட்டர் செலவு. மீதி நான்கு ஏதோ ஒரு பம்புசெட்டிலோ டிராக்டரிலோ ஓடிக்கொண்டிருக்கும். கையெழுத்து ஒரே பேனாவில், ஒரே நாளில், ஒரு மாதத்துக்கும் சேர்த்து எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். காவலாளியை நான் அதிகம் குறைசொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த சம்பளம் அப்படி. அதுவும் மூன்று ஒப்பந்ததாரர் கை மாறி வரும். பின்னர் தொட்டிக்குள் அளவுமானி வைத்து நேராகக் கணினிக்குத் தகவல் போகும்படி செய்தபோது திருட்டு குறைந்தது. கிராமங்களுக்குக் கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியபோது இன்னும் குறைந்தது.

2012-இல் அரசு ஓர் ஆணை போட்டது: 2015-க்குள் கிராம டவர்களில் பாதியும் நகர டவர்களில் ஐந்தில் ஒன்றும் சூரிய ஒளி போன்ற மாற்று மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. நான் கவனித்த டவர்களில் 2015 வந்தது, பேனல் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் பழைய 2ஜியை மூடிவிட்டால் மின்சாரம் மிச்சமாகுமே! யார் தடுக்கிறார்கள்?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: உங்கள் பாட்டி. பட்டன் போன் வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களோடு சேர்ந்து.

தூக்கக் கணக்கில் 2ஜி எல்லாவற்றையும்விட மோசம் என்பது உண்மை. அதன் அறிவிப்பு அலை இடைவெளியே இல்லாமல், முழுச் சக்தியில், 24 மணி நேரமும் போய்க்கொண்டே இருக்கும். ஜப்பான் 2012-இலேயே 2ஜியை முடித்துக்கொண்டது. சிங்கப்பூர் 2017 ஏப்ரலில். இங்கே ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியைத்தான் மூடியது, 2ஜியை வைத்துக்கொண்டது. 3ஜி போன் வைத்திருந்தவர் 4ஜிக்குப் போய்விடுவார். 2ஜி போன் வைத்திருப்பவருக்குப் போக இடமில்லை. கடைகளில் கார்டு தேய்க்கும் பழைய இயந்திரங்கள் பலவும் அதில்தான் ஓடுகின்றன.

இன்னொரு விஷயம் உங்களைப் போன்றவர்கள் கவனிப்பதில்லை. இன்றைய டவரில் 2ஜிக்கென்று தனிப் பெட்டி பெரும்பாலும் கிடையாது. ஒரே பெட்டி 2ஜியையும் 4ஜியையும் சேர்த்து அனுப்புகிறது. 2ஜியை மூடினால் பெட்டியின் வேலை குறையும், பெட்டி அணையாது. மிச்சம் கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு கிடைக்காது. அதற்காக ஒரு கூலித் தொழிலாளியிடம் புதுப் போன் வாங்கச் சொல்வதாக இருந்தால், அந்தப் போனுக்கான பணத்தை யார் கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

கேள்வி: 5ஜி போட்டால் என் போன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அணைத்துவிடலாமா?
— ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பதில்: உங்கள் ஊர்ப் பகுதியில் 5ஜி நன்றாகக் கிடைத்தால் அணைக்க வேண்டாம். திரையில் சிக்னல் கோடுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு கோடு, இரண்டு கோடு என்று தடுமாறினால் 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ தனித்து நிற்கும் 5ஜியைப் போட்டது; ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் வகையைப் போட்டது. இரண்டாவது வகையில் போன் ஒரே நேரத்தில் 4ஜி, 5ஜி இரண்டோடும் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்; பேட்டரிக்கு அது கூடுதல் சுமை. சிக்னல் மெலிந்த இடத்தில் எந்தப் போனும் தன் குரலை உச்சத்துக்கு ஏற்றும். 4ஜி, 5ஜி போன்களில் அந்த உச்சம் பொதுவாக 200 மில்லிவாட். பழைய 2ஜி போனில் 2 வாட் வரை போகும்.

சவாரி இல்லாமல் நிற்கும் நேரத்தில் வீடியோ பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி தீர்வதற்கு அந்தத் திரையின் வெளிச்சமும் காரணம். பகலில் அதைக் குறைத்தால் ஒன்றும் தெரியாது என்பதால், ஆட்டோவிலேயே ஒரு சார்ஜரைப் பொருத்திக்கொள்ளுங்கள்.